ஒரு மாத்திரைகூட விடவில்லை

கெய்ரோவில் டாக்டர் ரீஹாமின் மருத்துவ ஆராய்ச்சிப் பட்டத்துக்கு அன்று வாய்மொழித் தேர்வு. வீட்டார் பஸ்பூசா இனிப்போடு வந்து காத்திருந்தார்கள்.

"புது மருந்தை ஒரு வருஷம் சோதிச்சிருக்கீங்க. நாப்பது நோயாளியில ஒருத்தர்கூடப் பாதியில நிக்கலையா?" என்று வியந்தார் தேர்வாளர்.

ரீஹாமுக்கு அந்த நோயாளிகள் வெறும் எண்கள்தான். வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னாள். "பதினேழாம் நம்பர் அம்மா கடைசி நாள்வரைக்கும் ஒரு மாத்திரைகூட விடல, சார்."

கைதட்டலும் குலவையும் அடங்கியபின், தேநீர் கொண்டுவந்த ஊழியர் மஹ்ரூஸ் தட்டை வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஆய்வு அட்டை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். அதில் 17 என்றிருந்தது.

"ஆள் குறையுதுன்னு நீங்க கேட்டதால என் பொண்டாட்டிய நான்தானே சேத்துவிட்டேன், டாக்டரம்மா. ரெண்டாம் மாசமே மௌத்தாயிட்டா. மிச்ச மாத்திரைய கபுறுக்குழிக்கா கொண்டுபோய்க் குடுத்தீங்க?"