தொம்மலூருக்கு வந்த டவர் மேனேஜர்

கதவுத் தாழ்ப்பாள் அசைந்ததுமே அமல் சோபாவிலிருந்து பாய்ந்து எழுந்துவிட்டான்.

கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றான். பேக்கரிப் பையுடன் உள்ளே வந்தவர் பெண்ணின் அப்பா, ஹெர்பர்ட்.

"குட் ஈவினிங் சார். எந்த ஃப்ளோர் சார்?"

"செகண்ட்," என்றார் ஹெர்பர்ட், தன் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு.

பிறகுதான் யோசித்துச் சுற்றிலும் பார்த்தார்.

பெண் பார்க்க வந்திருந்தது இரண்டே பேர். அமலும் அவன் அம்மா கேத்தரினும்.

தோஹாவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் அமல் செக்யூரிட்டி. வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பான். மாடியைக் கேட்டு லிஃப்ட் பட்டனை அழுத்துவான். ஆஸ்டின் டவுனில் அம்மாவின் வாயில் அது செக்யூரிட்டி ஆபீசர் ஆயிற்று. தரகரின் வாயில் புகுந்து தொம்மலூரில் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது டவர் மேனேஜர். பாலைவன வெயிலில் மூன்று வருஷம் நின்றும் கிடைக்காத பதவி உயர்வு, அரை மணி நேர பஸ் தூரத்தில் கிடைத்துவிட்டது.

உண்மை தெரிந்து ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் உடைந்திருந்தது. "இதுவும் போச்சுன்னா அங்கயே ஒரு ஒட்டகத்தைக் கட்டிக்கோடா," என்று ஆட்டோவிலேயே கேத்தரின் சொல்லியிருந்தாள்.

அமலுக்கு ஒட்டகம் வேண்டாம். போட்டோவில் பார்த்த இந்தப் பெண்தான் வேண்டும்.

"சும்னே, சும்மா தமாஷ் பண்றான்," கேத்தரின் சிரித்தாள். "நாப்பது மாடியும் இவன் கையில இல்லீங்களா? எப்பவும் அதே ஞாபகம்."

நாற்பது மாடியும் அவன் தலைக்கு மேலேதான் இருந்தன. அமல் கதவருகிலேயே நின்றான். யாராவது சொன்னால்தான் உட்காருவான் போலிருந்தது.

பெண்ணின் அம்மா சிந்தியா இனிமையாகத்தான் கேட்டாள்.

"அங்க மேனேஜருங்களே கதவு தொறப்பாங்களா? இல்ல, எங்க நிக்கோல் ஐடி கம்பெனி பாருங்க. எலெக்ட்ரானிக் சிட்டி. கம்பெனி வண்டியே வந்து கூட்டிட்டுப் போகும். அவ லெவலுக்கு ஒத்து வரணுமே."

கேத்தரின் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். கிளம்புவதற்கு முன்னால் அவள் எப்போதும் செய்வது அது.

அப்போது நிக்கோல் காபித் தட்டோடு வந்தாள்.

தட்டை டீப்பாயில் வைத்தாள். யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. கதவருகில் நின்றவனைப் பார்த்தாள். கைகள் முதுகுக்குப் பின்னால், கால்கள் சற்றே விரிந்து, பார்வை யார் முகத்திலும் படாமல் எதிர்ச் சுவரில்.

அவள் உதட்டோரம் ஏதோ துடித்தது.

நேரே போய் கேத்தரின் முன்னால் நின்றாள். அவளுடைய கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின.

"மேடம், பேகைத் திறங்க."

கோபமில்லாத குரல். ஆனால் மறுக்கத் தோன்றாத குரல். கேத்தரின் ஜிப்பைத் திறந்துவிட்டாள்.

நிக்கோல் குனிந்து பார்த்தாள். கர்ச்சீப்பைத் தள்ளினாள். ஜெபமாலையைத் தள்ளினாள்.

"லேப்டாப், பென் டிரைவ் ஏதாவது?"

"இல்ல... இல்லம்மா."

"தேங்க்யூ மேடம். போலாம்."

"ஏய் நிக்கோல்! பைத்தியமாடி உனக்கு?"

"ஐடி கம்பெனிதானே மம்மி? கேட்ல நின்னு லேடீஸ் லைன்ல நான் பண்றது இதுதான்."

சிந்தியா ஓடிப் போய்ப் பக்கத்து வீட்டுப் பக்கமிருந்த ஜன்னலைச் சாத்தினாள். ஹெர்பர்ட் யாரும் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

அமல் மட்டும் கதவைவிட்டு நகர்ந்து ஹாலைக் கடந்து வந்தான். அவள் எதிரில் நின்று, சோதனைக்குத் தயாராக இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தான்.

நிக்கோலின் காதுமடல்கள் சிவந்தன. குரலை மட்டும் விடவில்லை.

"ஜென்ட்ஸ் லைன் அந்தப் பக்கம் சார்."