சிமெண்டா, ஸ்குரூவா?

"தாடையில வச்ச ஆணி எலும்போட நல்லா ஒட்டிருச்சு. இனி அது மேல பல்லைப் பொருத்தணும்" என்றார் பதுளை பல் டொக்டர் சுகந்தினி. "சிமெண்ட் வச்சு ஒட்டுனா அப்படியே இருக்கும். ஸ்குரூன்னா வருஷத்துக்கு ஒருக்கா வந்து இறுக்கிப் பாத்துக்கணும்."

"ஸ்குரூவே போடுங்க டொக்டர்" என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த ஆண்டியப்பன்.

"ஸ்பிரிங்வெளியில இருந்து பஸ் புடிச்சு வரணும். இந்த வயசுல சிமெண்ட்தான் லேசு."

"பரவாயில்லங்க. வருஷா வருஷம் வாறேன்."

உதவியாளர் நிரோஜா சிரித்தாள். "இங்க வரப் பயப்படுறவங்களத்தான் பாத்திருக்கேன், ஐயா."

"எனக்கென்ன பயம்மா? எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் புள்ளைகளுக்கு நூல் கட்டிப் பால் பல்லு புடுங்குனதே நான்தான். என் மக பல்லைக் கூரை மேல எறிஞ்சா, தகரத்துல உருண்டு திரும்பக் கீழயே வந்துச்சு. மறுபடி எறியச் சொல்லி ஒரே சிணுங்கல்."

"இப்ப மக எங்க இருக்காங்க?"

"எனக்குப் புடிக்காத கல்யாணம் பண்ணிக்கிட்டா. வாசப்படி ஏறாதன்னு சொன்னேன். அதோட வரல."

டொக்டர் ஸ்குரூவை எடுத்தார். "வாயைத் தொறங்க" என்றார். கருவியை உள்ளே வைத்து மெல்லத் திருகினார்.

"கடைசியில அந்தப் பல்லு தகர மடிப்புல மாட்டிக்கிச்சு. நீங்க என்னைத் தோள்ல தூக்கிக் காட்டுனீங்க."

நிரோஜா திகைத்து நிமிர்ந்தாள்.

"இறுக்கிப் பாக்க நீங்க வர வேணாம். நானே வீட்டுக்கு வரவா?"

வாய்க்குள் கருவி இருந்ததால் ஆண்டியப்பனால் பேச முடியவில்லை. வேகவேகமாகத் தலையாட்டினார்.

"ஆட்டாதீங்கப்பா. ஸ்குரூ விழுந்துரும்."