பேரைச் சொல்லிடு, தேம்வா

முசூசு நகர நீதிமன்றத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் நிருபர் தேம்வா. ஆஸ்பத்திரி மருந்துகள் திருட்டுத்தனமாகச் சந்தைக்குப் போன கதையை அவள்தான் பத்திரிகையில் எழுதினாள். ரகசியப் பட்டியலைக் கொடுத்தது யாரென்று இன்று சொல்லாவிட்டால் சிறை.

"பேரைச் சொல்லிடு, தேம்வா," என்றாள் மாமியார், விற்பனைக்கு வறுத்த கடலையைப் பொட்டலம் கட்டியபடி.

"மாட்டேன் அத்தை."

"பால்குடிப் பிள்ளையை யாருடி பாக்குறது?"

"நீங்கதான்."

"ஆமா, எனக்குத்தான் பால் ஊறுது!"

தேம்வாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பளியைப் பையில் வைத்தாள்.

"நம்பிக் கொடுத்தவங்களைக் காட்டிக்கொடுத்தா, நாளைக்கு யாரு அத்தை வாயைத் திறப்பாங்க?"

"அந்த ஆளு உள்ள போனா யார் குடி முழுகிடும்?"

"நம்ம குடிதான்."

மாமியார் எழுந்து செருப்பை மாட்டினாள். "அப்ப நானே வந்து சொல்றேன்."

"உக்காருங்க அத்தை! உங்க பேரு என் வாயிலேருந்தும் வராது, உங்க வாயிலேருந்தும் வரக் கூடாது."

மாவட்ட சுகாதார அலுவலகம் எடைக்குப் போடும் பழைய தாள்களில்தான் மாமியார் கடலை மடிப்பாள். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மருந்துப் பட்டியல் இருந்த ஒரு தாளை மட்டும் மடிக்காமல் மருமகளிடம் நீட்டியிருந்தாள்.

இப்போது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு கடலைக் கூடையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தைத் தேடி எடுத்து, தேம்வாவின் பையில் திணித்தாள்.

"வழியில தின்னு. தாளைத் தூக்கிப் போட்டுடாத. அதையும் படிச்சுப் பாரு."