நாற்பத்தேழாம் நம்பர்காரர்

ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியாளரான அவள், மூன்றாவது முறையாக நெறிமுறைக் குழுத் தலைவரின் எதிரே உட்கார்ந்திருந்தாள். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி.

“ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக, நல்லா இருக்கிறவங்ககிட்ட ரத்தம் வாங்கினோம் சார். அதுல நாற்பத்தேழாம் நம்பருக்குப் புற்றுநோய் ஆரம்பிச்சிருக்கு. இப்பவே மருந்து கொடுத்தா பிழைச்சுக்குவார். அவர்கிட்ட சொல்ல அனுமதி கொடுங்க.”

“முடிவு எதுவும் தனக்குத் தெரிய வேண்டாம்னு அவரே எழுதிக் கொடுத்திருக்காரே.”

“எல்லாரும் எழுதிக் கொடுத்ததுதான் சார். படிக்காமலேகூட கையெழுத்துப் போட்டிருப்பார்.”

“படிக்காம போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான்மா. மீறினா ஆராய்ச்சியையே நிறுத்த வேண்டியிருக்கும். உங்க மருந்தை நம்பிக் காத்திருக்கிற நோயாளிங்களை நினைச்சுப் பாருங்க.”

பெயர்ப் பட்டியல் இருந்த அலமாரியின் சாவி அவளிடம் மட்டுமே இருந்தது. இரண்டு வாரமாகக் கணவரிடம்கூடச் சொல்லாமல் அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

“உங்ககிட்ட மட்டும் பேரைச் சொல்லட்டுமா சார்?”

“வேண்டாம். யாருன்னு தெரிஞ்சா என் மனசு மாறிடும்.”

மனுவில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு எழுந்தார். லிஃப்ட்வரை நடப்பதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்ச நாளா நாலடி நடந்தாலே மூச்சு வாங்குதும்மா.”

“இன்னைக்கே எங்கேயாவது ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்குங்க சார்” என்றாள் அவசரமாக.

“எனக்கெதுக்கு? நல்லா இருக்கிற ஆள்னுதானே போன மாசம் நீங்களே என்கிட்ட ரத்தம் வாங்கிட்டுப் போனீங்க” என்று சிரித்தபடி, நாற்பத்தேழாம் நம்பர்காரர் லிஃப்டுக்குள் நுழைந்தார்.