கீழ்ப்பாதி

"நிலாவுக்குப் போனதெல்லாம் பொய்டா கண்ணு. திரும்பிக் கெளம்பறதுக்கு அங்க எவன் ராக்கெட் மேடை கட்டி வெச்சான்?" என்று சிரித்தாள் தமயந்தி அக்கா. தம்பி படிக்க வேண்டுமென்று பத்தாம் வகுப்போடு பனியன் கம்பெனிக்குப் போனவள் அவள். மறுநாள் ஜெர்மனிக்குத் திரும்பவிருந்த அந்தத் தம்பி திருமூர்த்தி விடவில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய இட்லிப்பானையைக் காட்டினான்.

"நிலாவுல எறங்குன கலம் ரெண்டு பாதிக்கா. கால் வெச்ச கீழ்ப்பாதிதான் மேடை. மேல்பாதி அதுமேல நெருப்பைக் கக்கிட்டுக் கெளம்பிரும்." துணியால் பிடித்து மூடியை உயர்த்தினான்.

"அப்ப கீழ்ப்பாதி?"

"அங்கயே நின்னுரும். அதோட வேலை முடிஞ்சுதில்ல?"

அக்கா பானையையே பார்த்தாள். "அப்படின்னா நெசமாத்தான் இருக்கும்," என்றாள்.

பிறகு அவனுக்காக இட்லிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். மூடியை எங்கே வைப்பதென்று திருமூர்த்திக்குத் தெரியவில்லை. அதிலிருந்து வெந்நீர் அவன் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.