அம்மைக்க காச்சில்

கடப்பாரை ஒரு விரற்கடை தள்ளி இறங்கியிருந்தால் கிழங்கு இரண்டாகியிருக்கும்.

"பைய, பைய!" என்று பிரிஜா கத்தினாள்.

"முப்பது வருசம் கருங்கல் ரோட்டுல பஸ்ஸு ஓட்டினவனாக்கும் நான். இந்தக் குழியிலயா வண்டிய விடுவேன்?" என்றார் பொன்னுலிங்கம். சக்கர நாற்காலிகளில் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

முத்துக்கனியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் ஒரு பிச்சாத்தியை வைத்துக்கொண்டு குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். காய் நறுக்கும் அந்தச் சின்னக் கத்தியைக் காலையிலேயே சமையலறையில் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

பிரிஜாவுக்குக் கடப்பாரையைவிட அந்தக் கத்தியிடம்தான் பயம்.

முதியோர் இல்லத்துக்கு வருகிறவர்கள் சாமி படம் கொண்டு வருவார்கள், மருந்துப் பை கொண்டு வருவார்கள். போன மாசியில் வந்த முத்துக்கனியம்மா, துண்டில் சுற்றி ஒரு கிழங்குத் தலையைக் கொண்டு வந்தார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரிஜாவின் கையில் கொடுத்து, "இது எனக்க அம்மையாக்கும். எங்கயாவது நட்டு வை மக்கா" என்றார்.

சும்மா சொன்ன பேச்சில்லை அது.

காச்சில் கிழங்கை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. விதை என்றால் ஆணும் பெண்ணும் கலந்து புதிதாக ஒன்று பிறக்கும். காச்சில் அப்படிப் பிறப்பதே இல்லை. கிழங்கை எடுத்ததும், வள்ளி என்னும் கொடி ஒட்டியிருக்கும் தலைப்பக்கத்தைக் கையளவு வெட்டி, வெட்டிய வாயில் சாம்பல் தடவி, மழைக்கு முன்னால் மறுபடி மண்ணில் வைப்பார்கள். தலை முளைத்துக் கொடியாகும். கொடி தன் அடியில் புதுக்கிழங்கை இறக்கும். பழைய துண்டு வற்றிச் சக்கையாகிவிடும். அடுத்த வருடம் புதுக்கிழங்கின் தலை. இப்படி நூறு வருடம் போனாலும் அது அதே செடிதான். முத்துக்கனியம்மாவைப் பெற்ற அம்மை இறந்து நாற்பத்தொன்பது வருடமாகிறது. அவர் கையால் முதன்முதலில் நட்ட அதே உடம்புதான் அந்தத் துண்டுக்குள் இருந்தது.

தினமும் காலையில் "அம்மை எப்பிடி இருக்கா?" என்று கேட்பார். பிரிஜா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டுவாள். கொடி பூவரசில் ஏறியது. மார்கழியில் இலை பழுத்தது. வள்ளி காய்ந்துவிட்டால் அடியில் கிழங்கு முற்றிவிட்டது என்று கணக்கு.

இன்று எடுத்துவிட்டார்கள். ஒரு முழ நீளம், மண் அப்பிய கறுத்த தோல். எங்கும் உடையவில்லை. நாற்காலிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"இஞ்ச கொண்டா," என்று முத்துக்கனியம்மா கையை நீட்டினார்.

"வெட்டண்டாம்மா," என்றாள் பிரிஜா. "முழுசாவே நட்டிரலாம். முழுசா நட்டாலும் முளைக்கும்."

உண்மைதான், முளைக்கும்.

"தலை மண்ணுக்கு, மிச்சம் அடுப்புக்கு. அம்மை அப்பிடித்தான் செய்வா."

"கை நடுங்குதுல்லாம்மா. நான் பெறவு வெட்டித் தாறேன்."

"யாருக்குப் பிள்ளே நடுங்குது? எனக்கா, உனக்கா?"

பொன்னுலிங்கம் அதற்குள் கிழங்கைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டார். பிரிஜா குனிந்து கத்திப்பிடியைப் பற்றினாள். அந்தச் சின்னப் பிடியில் இப்போது இரண்டு கைகள். எண்பத்தொரு வயதுக் கை விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாரும் பார்க்கிறார்கள். பிரிஜா கையை எடுத்தாள்.

கத்தி தோலைத் தாண்டியது. முத்துக்கனியம்மா அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தலை தனியாக விழுந்தது.

உள்ளே பால் வெள்ளை.

முத்துக்கனியம்மாவின் அம்மை வைத்த காச்சில் உள்ளே நாவற்பழ நிறம். போன சித்திரையில், இன்னும் முளை வரவில்லையே என்ற பதைப்பில் பிரிஜா அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். முளை விடாத துண்டுக்கு வேர் கிடையாது, தண்ணீரைக் குடிக்காது. ஈரத்திலேயே கிடந்தால் அழுகும். இருபதாம் நாள் தோண்டிப் பார்த்தபோது ஊதா நிறக் கூழாக அவள் விரலிடுக்கில் வழிந்தது. அன்றைக்கே பஸ் ஏறிக் கருங்கல் சந்தைக்குப் போய், அதே பருமனில் ஒரு தலை வாங்கி வந்து அந்தக் குழியில் வைத்து மூடினாள். தோலை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

முத்துக்கனியம்மா வெட்டிய இரண்டு வாயையும் சேர்த்து வைத்து முந்தானையால் மூடினார்.

"என்னக்கா, கெட்டுப் போச்சா?" என்றார் பொன்னுலிங்கம்.

"நல்ல காச்சிலாக்கும். நீரு போயி கொஞ்சம் சாம்பலு எடுத்துட்டு வாரும்."

அவர் நகர்ந்ததும் பிரிஜாவைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டார். பிரிஜா குனிந்தாள்.

"எனக்க அம்மைக்க காச்சிலுக்குக் கொழுந்து செவப்பா வரும். இது பச்சையாட்டு வந்த அண்ணைக்கே எனக்குத் தெரியும். எட்டு மாசமாட்டு, நீயே சொல்லுவேண்ணு பாத்துக்கிட்டு இருந்தேன் மக்கா."

பிரிஜா வாயைத் திறந்தாள்.

அதற்குள் பொன்னுலிங்கம் சாம்பலோடு வந்துவிட்டார்.