மூன்று தட்டுகள்

லாரி ஓட்டுநர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றே மூன்று.

“நான் வந்துட்டேன்!” என்றார்.

அவள் அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். சமையலறைக்குள் போய்விட்டாள்.

“நேத்து வண்டி பள்ளத்துல இறங்கிடுச்சும்மா. போன் நொறுங்கிப்போச்சு. பொழைச்சதே பெரிசு” என்று மகளிடம் சொன்னார். அவள் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினார். இமைகூட அசையவில்லை.

“திடீர்னு குளிருதுல்ல?” என்றாள் மகள், தம்பியிடம்.

“ஆமாக்கா. யாரோ பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு.”

உண்மையிலேயே பிழைத்தோமா? கையைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது. செத்தவனுக்கும் வலிக்குமோ? யாரைக் கேட்பது?

மகன் குபீரென்று சிரித்துவிட்டான்.

“கெடுத்துட்டியேடா!” மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “நாங்க நடிக்கிற பேய்ப் படம்தான்ப்பா. பேய் எதிர்ல நின்னாலும் எங்க கண்ணுக்குத் தெரியக்கூடாது. இவன் ஒவ்வொரு டேக்லயும் சிரிச்சுடறான். வீட்டுல யாரையாவது வெச்சுப் பழகுங்க, இல்லேன்னா வேற பசங்களப் போட்டுக்கறேன்னு டைரக்டர் சொல்லிட்டார்.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அடப்பாவிகளா! ஆனா உங்கம்மா நடிப்பு இருக்கே, உங்க ரெண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுட்டா!”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நேத்து அம்மாவோட பொறந்தநாள்ப்பா” என்றான் மகன் மெதுவாக. “படத்துல அவங்களுக்கு வேஷமே கிடையாது.”